அண்ணே என்றால் வண்டி ஓடாது

மதுரை ஜட்கா வண்டிக்காரர்களுக்கு நாகரிகம் கற்பிக்க மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார். சவாரிக்கு வருகிறவரை இனிமேல் ‘துரையவர்களே’ என்றுதான் அழைக்க வேண்டும். ‘அண்ணே’ என்றால் உரிம வில்லை பறிபோகும் என்று உத்தரவு போட்டார். கையில் அந்தப் பித்தளை வில்லையைக் கட்டாதவன் வண்டி ஓட்ட முடியாது. ‘அண்ணே’ என்று கூப்பிட்டு மாட்டிக்கொண்டவர்கள் அதிகாரியின் மேசைக்கு முன் வரிசையில் நின்றார்கள்; முதல் ஆள் பீர் முகமது. அவரை நம்பி வீட்டில் ஐந்து வயிறு, லாயத்தில் ஒரு வயிறு.

“மெட்ராஸில் இப்படியா கூப்பிடுகிறார்கள்?” என்றார் அதிகாரி.

“இல்லீங்க. ‘இன்னாபா, ஏறிக் குந்து’ம்பாய்ங்க. அவசரமான ஊரு, ஆளு மூஞ்சியப் பாக்க நேரமில்ல. திருநெல்வேலியில ‘ஏலே’ன்னு வைவாய்ங்க, வஞ்சுக்கிட்டே எலையப் போட்டு உக்கார வச்சிருவாய்ங்க. எங்க ஊருல அண்ணேன்னு கூப்புட்டுட்டா, மழையோ சகதியோ, வீட்டு வாசல்லதான் எறக்கணும். துரைன்னா தெருமுக்கோட சரி.”

“என்ன திமிர்! துரையவர்களே என்று ஒருமுறை சொல், விட்டுவிடுகிறேன்.”

பீர் முகமதுவுக்குக் குதிரையின் முகம் நினைவுக்கு வந்தது. ‘துரை’ வரைக்கும் சொன்னார், மிச்சத்தை விட்டுவிட்டார். வில்லையை அவிழ்த்து மேசைமேல் வைத்தார்.

“வச்சுக்கங்கண்ணே.”

அதிகாரி அடுத்தவனைக் கூப்பிட்டார். அடுத்து நின்ற மருது அதற்குள் தன் வில்லையை அவிழ்த்துவிட்டிருந்தான். அவனுக்குப் பின்னால் முப்பது பேர் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மேசை பத்தாது போலண்ணே,” என்றான் மருது அதிகாரியிடம். “அந்த மைக்கூட்டக் கொஞ்சம் தள்ளி வைங்க.”