திரும்ப அனுப்பவா?

கும்மிடிப்பூண்டி கம்பி மில்லில், நெருப்பாய் வழுக்கிக்கொண்டு வரும் கம்பியை இடுக்கியால் மடக்கிப் பிடிக்கிற ஆள் பாக்கியராஜ். அப்பேர்ப்பட்டவனுக்குப் போனில் ஒரு பட்டனைத் தொடுவதென்றால் மட்டும் கை ஓடாது. அதையெல்லாம் பார்த்துக்கொள்ள அவன் மனைவி செண்பகம் இருந்தாள்.

தன் இதய வால்வு ஆபரேஷனுக்குச் சென்னை புறப்பட்ட காலையில், பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அவன் போனை வாங்கி, பங்குக் கோயிலின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். அதில் மன்றாட்டு எழுதி அனுப்ப ஒரு படிவம் உண்டு. அனுப்பினால் ஞாயிறு பூசையில் வாசித்து எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். பேர் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டாள். ஊர் வாய்க்கு அவல் ஆவானேன்? ‘ஆண்டவரே, நான் ஆபரேஷன் முடிஞ்சு நல்லபடியா ஊட்டுக்கு வரணும். அந்த மனுசனுக்குச் சுடுதண்ணிகூட வெக்கத் தெரியாது’ என்று எழுதி அனுப்பினாள். ‘உங்கள் மன்றாட்டு கிடைத்தது’ என்று வந்தது. கீழே அவள் எழுதியதும் தெரிந்தது.

“இந்தப் பக்கத்துக்கு ஸ்டார் போட்டு வெச்சிக்கிறேன், தொட்டா திரும்ப வரும். நான் வெளிய வந்ததும் ரெண்டு பேரும் குந்திக்கினு பாத்துச் சிரிக்கலாம், இன்னா?”

ஆஸ்பத்திரியில் அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஸ்டாரைத் தொட்டான். வெறும் படிவம்தான் திறந்தது. எல்லாம் காலிக் கட்டங்கள். பதறிப்போய், போனில் முந்தின பக்கத்துக்கே திரும்பினான். ‘திரும்ப அனுப்பவா?’ என்று போன் கேட்டது. ஆமாம் என்று தொட்டதும் அவள் வார்த்தைகள் வந்துவிட்டன. போன உயிர் வந்தது அவனுக்கு. திரும்பக் காட்டவா என்று கேட்கிறது போல என்றுதான் அவன் புரிந்துகொண்டான்.

செண்பகம் வெளியே வரவில்லை.

அடக்கம் முடிந்த வீட்டில் அந்தப் பக்கத்தை மூடாமலே வைத்திருந்தான். அது மறையும்போதெல்லாம் போன் கேட்கும். இவன் ஆமாம் என்பான்.

அந்த ஞாயிறு பூசையில் சுகிர்தா மன்றாட்டுகளை வாசித்தாள். சென்னைக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பெண். கோயிலின் இணையப் பக்கத்தை உண்டாக்கியவளும் அவள்தான். அந்த வாரம் வந்தவற்றில் பேரில்லாத மன்றாட்டு ஒன்று. சுடுதண்ணி என்றதும் நாலு பேர் சிரித்தார்கள். பிறகு கோயில் முழுவதும் ஒரே குரலில் சொன்னது: “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.” பாக்கியராஜின் வாயும் சேர்ந்து சொன்னது. சொல்லி முடித்து, முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

பூசை முடிந்ததும் போனைக் கொண்டுபோய்க் காட்டினான். சுகிர்தாவின் முகம் செத்துவிட்டது.

“அண்ணா, இது அண்ணி எழுதுனதா? அந்தப் பேஜுக்குன்னு தனியா ஒரு அட்ரஸ் நான் வெக்கலண்ணா. அதான் ஸ்டார தொட்டா படிவத்துக்கே போவுது. நீங்க ஆமான்னு சொல்ற ஒவ்வொரு வாட்டியும் புதுசா எங்களுக்கு வந்துக்கினு இருக்குது.”

“அப்ப, புதைச்சிட்டு வந்தவளுக்கு நான்தான் வேண்டிக்கினு இருந்தேனா?”

“சரி பண்ணிட்றேண்ணா” என்று மட்டும் சொன்னாள்.

சொன்னபடி செய்தாள். வாட்ஸப்பில் செண்பகத்தின் மன்றாட்டுக்கு ஒரு லிங்க்கும் சுகிர்தாவின் குரலும் வந்தன. இனிமேல் வந்து பதிவானதுமே ஒவ்வொரு மன்றாட்டுக்கும் தனி முகவரி கிடைத்துவிடுமாம். எப்போது திறந்தாலும் காட்டுமாம். திரும்பப் போகாதாம்.

மில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திறந்தான். செண்பகத்தின் வார்த்தைகள் இருந்தன. ஸ்டார் போட்டு, மூடி, மறுபடி திறந்தான். அப்போதும் இருந்தன. விரலால் கீழே இழுத்தான். பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி அப்படியே வந்து நின்றது. போன் ஒன்றும் கேட்கவில்லை. கட்டைவிரல் மட்டும் ‘ஆமாம்’ இருந்த இடத்தில் காத்துக்கொண்டிருந்தது. போன் கேட்டுக்கொண்டிருந்தவரைக்கும் அவள் இன்னும் உள்ளேதான் இருந்தாள், வெளியே வர வேண்டியவளாக. இனி அவளுக்காக யாரும் எதையும் கேட்கப்போவதில்லை.

சுகிர்தாவுக்குப் போன் போட்டான்.

“நல்லாக்கீதும்மா. நல்லாத்தான் பண்ணிக்கீற” என்றான். பஸ் இரைச்சலில் போனை வாயருகே கொண்டுவந்து கேட்டான்:

“பழையபடியே வெச்சிட முடியுமாம்மா?”