உப்பு பார்க்கிறவள்

டின் சூப் தொழிற்சாலையில் உப்பு பார்ப்பதுதான் அக்காவின் வேலை. ஒவ்வொரு கொப்பரையும் கொதித்து இறங்கியதும் அவளைக் கூப்பிடுவார்கள். ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொண்டு கண்ணை மூடுவாள். அவள் தலையாட்டினால்தான் சூப் டின்னுக்குள் போகும். ருசித்ததை விழுங்கக் கூடாது, பக்கத்து வாளியில் துப்பிவிட வேண்டும்.

சிறுநீரகத்தில் அழற்சி என்று அவளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தபோது நானும் கூடப் போயிருந்தேன். "இது உப்பையும் தண்ணியையும் உடம்புல பிடிச்சு வெச்சுக்கும். பசியும் அதிகமா எடுக்கும். உப்பை நல்லாக் குறைச்சிடுங்க. எடை திடீர்னு ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே வாங்க. மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குப் பகலில் கடையில் பொட்டலம் கட்டும் வேலை, மாலையில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் வகுப்பு. அத்தோடு சமையலையும் எடுத்துக்கொண்டேன். உப்பு டப்பாவைக் கீழ்வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். சாஸ், பாக்கெட் தீனி எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து ஒழித்தேன்.

"சாப்பாடாடா இது? ஆஸ்பத்திரிச் சுவரை நக்கின மாதிரி இருக்கு."

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சிருக்கேன்க்கா."

"சரி, எலுமிச்சம்பழம் பிழிஞ்ச சுவர்."

முணுமுணுத்தபடியே சாப்பிட்டாள். மாத்திரையால் முகம் உருண்டுபோனது. அதற்கும் சிரித்தாள். "கன்னம் ஒட்டிப்போயிருக்குன்னு ஒருத்தன் என்னை வேண்டாம்னு சொன்னானே, அவனை இப்போ கூட்டிட்டு வா."

ஒரு மாதம் போல எடை அப்படியே நின்றது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் தொழிற்சாலையில் சிக்கல் வந்தது. உப்பில்லாமல் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு எல்லாக் கொப்பரையும் கரித்தது. அக்கா தண்ணீர் சேர்க்கச் சொன்னாள். கடைகளிலிருந்து டின்கள் திரும்பி வந்தன, சப்பென்று இருக்கிறது என்று.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற நாக்கைப் பார்த்துக்கறேன்மான்னு சொல்லிட்டார்டா சூப்பர்வைசர்" என்றாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

அதன்பின் டின்கள் திரும்பி வரவில்லை. எடை ஏறத் தொடங்கியது.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். ரொட்டியில் உப்பு இருக்கும் என்பதை மறந்துவிட்டேனோ? ரொட்டியை நிறுத்தினேன். எடை மெஷின் கெட்டுவிட்டதோ? நானே ஏறி நின்று பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அவள் கணுக்காலில் விரலை அழுத்தினால் விழுந்த குழி எழும்பாமல் நின்றது. மாடிப்படியில் பாதியிலேயே நின்று, "நீ போ, நான் கைப்பிடியோட ஒரு வார்த்தை பேசிட்டு வர்றேன்" என்பாள்.

ஒருநாள் மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கப் போனேன். வாசலில் இருந்தவர் என்னைக் கொப்பரைகள் இருக்கும் அறைக்கே அனுப்பிவிட்டார். அக்கா எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். மேஜையிலிருந்த கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை கல்லுப்பை எடுத்து நாக்கில் போட்டுச் சப்பினாள். அப்புறம் கரண்டிச் சூப்பை வாயில் விட்டாள், கண்ணை மூடினாள், விழுங்கினாள். தலையாட்டினாள்.

வாளியை எட்டிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

"என்னக்கா இது?"

"கத்தாதே."

"துப்பத்தானே சொல்லியிருக்காங்க?"

"தொண்டையில இறங்கினாத்தான் இப்போ கணக்குத் தெரியுது. நீ சமைச்சுப் போட்டு என் நாக்கைப் பச்சைக்குழந்தை நாக்கா ஆக்கிட்டேடா. தினம் உப்பைக் காட்டிக் காட்டித்தான் பழையபடி இழுத்து வெச்சிருக்கேன்."

"வேலை போனாப் போகட்டும்க்கா."

"போனா? படியேற முடியாதவளை எவன் மூட்டை தூக்கக் கூப்பிடுவான்? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்." கொப்பரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "டாக்டர்கிட்ட வாயைத் திறந்தே, தெரியும் சேதி."

அந்த வார இறுதியில் அவளால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் மூச்சு விட்டாள். காலையில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் காலை அழுத்திப் பார்த்தார், எடை பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"உப்புக் குறைச்சீங்களா?"

"வீட்டுல உப்பே கிடையாதுங்க. தம்பிதான் சமையல்" என்றாள் அக்கா. பொய் இல்லை. என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.

டாக்டர் என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். வீட்டில் உப்பில்லை என்பதற்கு மட்டும்தான் அந்தத் தலையாட்டல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அப்படின்னா இந்த அளவு மாத்திரைக்கு நோய் அடங்கலைன்னுதான் தோணுது. மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கும்" என்று பேனாவை எடுத்தார்.

ஏற்கெனவே வீங்கியிருக்கும் உடம்புக்கு இன்னும் அதிகமாக மாத்திரை. அதை விழுங்கவும் தயாராக உட்கார்ந்திருந்தாள் அக்கா.

"வேலை செய்யற இடத்துல உப்புத் திங்கறாங்க டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே கோள்மூட்டுகிற பையனின் குரலாகக் கேட்டது. கல்லுப்பு, விழுங்கிய சூப், காய்ந்த வாளி, எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடினார். அன்றே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இந்த வேலையை இவர் செய்யக் கூடாது என்று தொழிற்சாலைக்கும் எழுதினார்.

நீர் இறங்கியது. மூச்சு சீரானது. முகம் மட்டும் உருண்டையாகவே இருந்தது. மாத்திரை நிற்கும்வரை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். அவள் இடத்துக்கு வேறு ஒரு பெண்ணை எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அக்காவுக்கு வேறு வேலை எதுவும் இல்லையாம்.

வீட்டுக்குக் கூட்டி வந்த மாலை அவளுக்குத் தட்டு வைத்தேன். தலை குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தாள். நன்றாக இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

"அக்கா, நான் சொல்லாம இருந்திருந்தா..."

"நீ சொன்னது சரிதான்டா" என்றாள். தட்டைத் தள்ளிவைத்தாள். "ஆனா கொஞ்ச நாளைக்கு என்கூடப் பேசாதே."

சரி என்றேன். அதுகூடப் பேச்சுதானே என்று அப்புறம்தான் தோன்றியது. வகுப்புக்கு நேரமாகியிருந்தது. போவதா, இருப்பதா என்று தெரியாமல் தட்டை எடுத்துக் கழுவத் தொடங்கினேன்.