சந்தை நாள் கையெழுத்து

காலை எட்டு மணியிலிருந்து எத்திராஜ் தெலுங்கு எல்லை ஊர்ப் போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். சாலைக்கு எதிர்ப்பக்கம், புளியமரத்தடியில், அவன் மனைவி இந்திராணி தையல் மெஷினைச் சாக்கின்மேல் வைத்துக் காத்திருந்தாள். ஜெயிலிலிருந்து வந்தவன் வாரம் ஒருமுறை சப்-இன்ஸ்பெக்டர் முன் ஆஜராக வேண்டும். அது சந்தை நாளாக அமைந்துவிட்டது. போன இரண்டு சந்தைக்கும் துணியோடு வீட்டுக்கு வந்தவர்கள் ஆளைக் காணாமல் வேறு தையல்காரனிடம் போனார்கள். அதனால்தான் இன்று மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு அவளே இங்கே வந்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்னும் என்று நினைத்திருந்தாள். இறக்கி வைத்ததும் கழுத்து வலிதான் பெரிதாகத் தெரிந்தது.

கார்வேட்டிநகரம் பக்கத்து ரத்தினம்மா வேர்த்து விறுவிறுத்து வந்தாள்.

"ரவிக்கை நாலும் ஆச்சா? சாயந்திரம் பொண்ணுக்கு நலங்கு. ரெண்டு மணி பஸ்ஸ உட்டா அவ்ளோதான்."

"மூணு ஆச்சிக்கா. நாலாவதுக்குக் கை வச்சித் தைக்கணும். அது அவருக்குத்தான் வரும்."

ரத்தினம்மா ஸ்டேஷனைப் பார்த்தாள். "ஜெயில்ல கத்துக்கினாராமே. கைதிச் சட்டையாட்டம் தெச்சிடப் போறாரு."

இந்திராணி சிரித்துவிட்டாள். "எனக்கு மொதல்ல அப்படித்தான் தெச்சாரு. அங்க சின்னது, நடு, பெருசுன்னு மூணே அளவுதானாம். என்னப் பாத்து நடுன்னு தெச்சிட்டாரு. அதுல ரெண்டு பேரு பூந்துக்கலாம்."

"நான் இன்னா அளவாம்?"

"அத நான் கேக்கலக்கா."

அவளுக்கான அந்த ரவிக்கையை அவன் நான்கு முறை பிரித்துத் தைத்தான். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவன் ஒரு வேலையை உட்கார்ந்து முடித்ததை அன்றுதான் பார்த்தாள். இந்த ஆளை எனக்கு முன்பே தெரியுமா என்று கூச்சம்கூட வந்தது.

ஒன்றேகால் மணிக்கு சப்-இன்ஸ்பெக்டரின் சைக்கிள் வந்தது. இந்திராணி சாலையைக் கடந்து வராந்தாப் படியருகே நின்றாள். கான்ஸ்டபிள் கங்கையா ரிஜிஸ்டரைத் திறந்து மைப்பெட்டியைத் தள்ளினார்.

"கையெழுத்தே போட்றேன் சார்," என்றான் எத்திராஜ். "அங்க எழுதப் படிக்கக் கத்துக் குடுத்தாங்க. தெலுங்குலயே போடுவேன்."

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் காட்டினான்.

"பாகுந்திரா, நல்லா இருக்குடா," என்றார் சப்-இன்ஸ்பெக்டர், மெய்யான சந்தோஷத்தோடு. காகிதத்தைக் கங்கையாவிடமும் காட்டினார். "எங்க ரைட்டரே இப்படி எழுத மாட்டான். ஆனா கேடி ரிஜிஸ்டர்ல பெருவிரல்தான்."

கங்கையா அவன் விரலைப் பிடித்து மையில் நன்றாக உருட்டினார்.

எத்திராஜ் சாலையை ஓடிக் கடந்தான். விரலைத் தலைமுடியில் தேய்த்தான், மண்ணில் தேய்த்தான். மை போகவில்லை.

"மஞ்சத் துணிப்பா," என்றாள் ரத்தினம்மா. "மேல கீல பட்டுடப் போவுது."

"படாதுக்கா. நீ சுத்து, இந்திராணி."

அவள் கைப்பிடியைச் சுற்றினாள். கடைவீதிப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. நான்கு விரல்களால் துணியை ஊசிக்குக் கீழே நகர்த்திக்கொண்டிருந்தான் எத்திராஜ். கருநீலப் பெருவிரல் மட்டும் துணியைத் தொடாமல், தனியே விறைத்து மேலே நின்றது.