முன்வரிசை பிஸ்கட்

கடையின் கடைசி நாளன்று மனிதர் வாசல்வரை வந்தார். அதற்குமேல் வரமாட்டேன் என்று தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மனைவி கெஞ்சிப் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள். கல்லுளிமங்கன் அசைந்தால்தானே.

சுற்றுவட்டார ஊர்களிலெல்லாம் கிளை வைத்திருந்த சூப்பர் மார்க்கெட் அது. நெடுஞ்சாலையோரம் பெரிய கிளை திறந்ததும் இந்தச் சின்னக் கிளைக்கு மூடுவிழா. ஓய்வு பெறும்வரை அவர் சாமான் அடுக்கியது இங்கேதான். பழைய சரக்கு முன்னால், புதுச் சரக்கு பின்னால். ஒன்று போனால் அடுத்ததை முன்னால் இழுத்துவிட வேண்டும். அவருக்கு அதுதான் வேதம். வீட்டு அலமாரியில் உப்பு டப்பாகூட முகத்தைக் காட்டிக்கொண்டுதான் நிற்கும். இன்றைக்கு உள்ளே போகாமல் திரும்பினால் ஆயுசுக்கும் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். கேட்கப்போகிற காது அவளுடையதுதானே.

கல்யாணத்துக்கு முன் அவள் இங்கே வாடிக்கையாளர். பின்னாலிருந்து எடுக்கிற ரகம். தோள்வரை கையை விட்டுப் புதுசாய் உருவுவாள், வரிசையே சரியும். அவர் முணுமுணுத்துக்கொண்டே நிமிர்த்துவார். ஒரு சனிக்கிழமை, அவள் வருவாளென்று, வேதத்தை மீறிப் பழைய பிஸ்கட்டைப் பின்னால் தள்ளிவிட்டுப் புதுசை முன்னால் வைத்தார். அவள் வழக்கம்போல் பின்னாலிருந்து எடுத்துப் போனாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. நமுத்த பாக்கெட்டோடு சண்டைக்கு வந்தவளிடம், காது சிவக்க உண்மையைச் சொன்னார். அதற்கப்புறம் பெரியவர்கள் வந்து பேசியதெல்லாம் சும்மா ஒப்புக்குத்தான்.

அவள் தனியாகவே உள்ளே போனாள். பாதி ரேக் காலி. தெரிந்த முகங்கள் ஆளுக்கொரு சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, கிளம்ப மனமில்லாமல் நின்றன. பில் போடுகிற பெண் அவர் வரவில்லையா என்று கேட்டாள். இவள் வாசல் பக்கம் கையைக் காட்டிவிட்டு, பிஸ்கட் ரேக்குக்குப் போய், வாழ்நாளில் முதல்முறையாக முன்னாலிருந்து ஒன்றை எடுத்தாள். பணம் கட்டி, கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

அவர் தேதியைத் திருப்பிப் பார்த்தார்.

"முன்னாடியிருந்தா எடுத்த?"

"ஆமா. எடுத்த எடம் ஓட்டையா கெடக்கு. இழுத்துவிட அங்க ஆளில்லங்க."

நாளைக்குத் திறக்கப்போகாத கடைக்கு இதெல்லாம் எதற்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து உள்ளே போனார்.

ஒன்றையும் விடவில்லை. பிஸ்கட், சோப்பு, தீப்பெட்டி என்று மிச்சமிருந்ததையெல்லாம் விளிம்புக்கு இழுத்து, முகம் திருப்பி நிறுத்தினார். எதிரே நின்று பார்த்தால் கடை நிறைந்திருப்பதுபோல் இருந்தது. அவள் பழைய குறும்போடு வரிசைக்குப் பின்னால் கையை விட்டாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தேடாத. பின்னாடி ஒண்ணுமே இல்ல."

சொல்லும்போதே அழுதுவிட்டார். வாசல் தாண்டும்வரை அவள் கையை அவர் விடவில்லை.