நின்றால் மட்டும் வரும் காய்ச்சல்

...அணைக்க மாட்டேன், கேட் அடைத்தால் அடைத்துவிட்டுப் போகட்டும், எஞ்சினை அணைக்கவே மாட்டேன், இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தது, பாளையங்கோட்டையிலிருந்து கல்லிடைக்குறிச்சி பக்கம் வரை காற்று வாங்கிக்கொண்டு ஓடியதெல்லாம் ஒரு பரீட்சையா, ஓடும்போது இந்தக் கிழட்டு வண்டிக்கு ஒருநாளும் ஒன்றும் வந்ததில்லை, நின்றால்தான் வரும், இப்படி ரயில்வே கேட்டில், வண்ணார்பேட்டை சிக்னலில், மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில், நின்ற இடத்திலேயே சூட்டு முள் சிவப்புக்குப் போய் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பும். பக்கத்தில் என் வீட்டுக்காரர் ரேமண்ட் முள்ளைப் பார்க்காதது மாதிரி பார்க்கிறார். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆயுசெல்லாம் கிரேன் ஓட்டிய மனிதர், கண்ணுக்கு ஆபரேஷன் செய்த பிறகு ஸ்டியரிங்கை என்னிடம் விட்டுவிட்டு இடதுபக்கம் மாறி உட்கார்ந்தவர். இன்றைக்கு ஒரு தடவை கொதித்தால் போதும், நாளைக்குப் பூசை முடிந்ததும் விலை பேசிய நாங்குநேரிக்காரர் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார், மஸ்கட்டில் இருக்கிற மகன் டெனிஸ் பேசி முடித்த ஏற்பாடு. அவனைச் சொல்லியும் குற்றமில்லை, "நடுரோட்டுல நீங்க ரெண்டு பேரும் நிக்குததை நினைச்சா இங்கன எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குதும்மா, வித்துட்டு ஆட்டோவுல போங்க" என்கிறான். ஆட்டோவாம். ஐம்பத்தாறு வயதில் எல் போர்டு மாட்டிக்கொண்டு, தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்க, காம்பவுண்டுச் சுவரில் இரண்டு தடவை இடித்து, அழுது, திரும்ப ஏறி உட்கார்ந்து கற்றுக்கொண்டது, கடைசியில் ஆட்டோவின் பின்சீட்டில் போய் உட்காருவதற்கா?

முள் பாதிக்கு வந்துவிட்டது. வரட்டும், வர வேண்டியதுதான். மெக்கானிக் பெருமாள்ராஜ் நல்ல மனுஷன்தான், ஆனால் அவசரக்காரர், பானெட்டைத் தூக்கியதும் "ஹெட் கேஸ்கெட் போயிட்டும்மா, எஞ்சினை இறக்கணும்" என்றார். எடுத்த எடுப்பில் ஆபரேஷன். நான் வார்டில் நர்ஸாக இருந்தவள், காய்ச்சல்காரரைப் பார்த்ததும் முதலில் கேட்பது எப்போது வருகிறது என்றுதானே, காலையிலா, ராத்திரியிலா, விட்டு விட்டா, இந்த வண்டியை அப்படி யாராவது ஒருத்தர் கேட்டார்களா... கேஸ்கெட் போயிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் டீ மாதிரி இருக்குமாம், வெள்ளைப் புகை வருமாம், நான் எண்ணெய் அளக்கும் குச்சியை உருவிப் பார்த்தேன், எண்ணெய் எண்ணெயாகத்தான் இருந்தது, புகையும் இல்லை. அப்படியானால்? ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரை ஆற்றிவிடுகிறது, நிற்கும்போது காற்றுக் கொடுக்க வேண்டியது ஃபேன், அது சுற்றுகிறதா என்று ஒருத்தரும் பார்த்ததில்லை, கொதித்ததும் எஞ்சினை அணைத்துவிட்டுத் தண்ணீர் தேடித்தானே ஓடுகிறோம். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தேன், ஃபேன் சுற்றியது. சூடு ஏறினால் ஃபேனைப் போட்டுவிடும் சுவிட்ச் ரேடியேட்டருக்கு அடியில் இருக்கிறது, அதன் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றோடு ஒன்று சேர்த்தேன், அப்போதும் சுற்றியது. ஆக ஃபேனில் கோளாறில்லை, ஒயரில் கோளாறில்லை, சுவிட்ச்தான். அன்றைக்கு வாசலில் கை முழுக்கக் கரியோடு தனியாக நின்று சிரித்தேன், எதிர்வீட்டு ஜயலக்ஷ்மி மாமி என்ன நினைத்தாரோ.

சுவிட்ச்சைக் கழற்றியபோது வந்தது பாருங்கள், தண்ணீரா அது, சேறு. சுக்குக் காபி மண்டி மாதிரி ஒரு வாளி. சுவிட்ச் முனை அந்தச் சேற்றுக்குள் புதைந்து கிடந்தது, வெளியே தண்ணீர் கொதித்தால் அதற்கு எப்படித் தெரியும், கம்பளியைப் போர்த்திவிட்டு அதன் மேல் தெர்மாமீட்டர் வைத்த கதை. எல்லாம் இவர் வேலை. மாதாமாதம் குறுக்குத்துறையில் ஆற்றுத் தண்ணீரைக் கேன் கேனாகப் பிடித்து வந்து ஊற்றுவார், இவர் மட்டுமா, ஊரே அப்படித்தான், சோற்றுக்கு அந்தத் தண்ணீர், அல்வாவுக்கு அந்தத் தண்ணீர், அப்புறம் ரேடியேட்டருக்கு மட்டும் வேறு தண்ணீரா என்கிற எண்ணம். நான் பச்சைக் கூலண்ட் வாங்கி வந்ததும், "ஏளா ஃபிளோரா, தாமிரபரணி வீட்டுப் பக்கத்துல ஓடுது, நீ கடையில போயி பச்சைத் தண்ணி வாங்குதியே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "குடிக்கதுக்கு நல்ல தண்ணிதாங்க, யாரு இல்லன்னா, எஞ்சின் ஆத்துல குளிக்கவா வந்திருக்கு" என்றேன். பெருமாள்ராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரேடியேட்டரைக் கழுவி, புதுச் சுவிட்ச் போட்டுக் கொடுத்தார். வீட்டு வாசலில் ஃபேன் தானாகச் சுற்றியது, ஆனால் இவருக்கு அது கணக்கில்லையாம், "வாசல்ல நின்னா எல்லாம் நல்லாத்தான் இருக்கும், வெயில்ல ரோட்டுல நிறுத்திக் காட்டு, மணிமுத்தாறு வரை போயிப் பாப்போம்" என்றார்.

இதோ வெயில், இதோ ரோடு. முள் பாதியைத் தாண்டிவிட்டது. முன்னால் பாபநாசம் பஸ், பின்னால் லாரி, ரயில் இன்னும் கண்ணில் படவில்லை. பக்கத்தில் பைக்கில் நின்றவர் குனிந்து, "எக்கா, ஆஃப் பண்ணிப் போடுங்க, பழைய வண்டி, சூடாயிரும்" என்கிறார். "ஆகட்டும் தம்பி, அதைத்தான் பாத்துட்டிருக்கேன்." அவர் ரேமண்டைப் பார்க்கிறார், ரேமண்ட் ஆகாயத்தைப் பார்க்கிறார். என் முதுகு நனைந்துவிட்டது, ஏன் இன்னும் சுற்றவில்லை, வாசலில் முள் இந்த இடத்துக்கு வந்ததும் சுற்றியதே, இல்லை, இன்னும் கொஞ்சம் மேலேயா, ஒயர் கழன்றிருக்குமோ, வரும் வழியில் அந்தப் பள்ளத்தில் ஒரு குலுக்கு குலுக்கியதே... இவர் கை கதவுப் பிடிக்குப் போகிறது, இறங்கத் தயாராகிறார், மாதாவே, இறங்க விடாதே, இன்னும் ஒரு நூல்தான், இன்னும் ஒரே ஒரு... விர்ர்ர் என்று முன்னால் ஒரு சத்தம். ஃபேன். என் ஃபேன். முள் தயங்கி நின்று, பைய, மிகப் பைய, கீழே இறங்குகிறது. வார்டில் ராத்திரி முழுக்கக் கொதித்த பிள்ளைக்கு விடியும்போது நெற்றி வேர்த்தால் வருமே ஒரு சந்தோஷம், அதேதான், அதைவிட அதிகம், இந்தத் தடவை டாக்டரும் நான்தானே. எஞ்சினை இறக்க வேண்டாம், நாங்குநேரிக்காரர் வர வேண்டாம், ஆட்டோ வேண்டாம், நினைத்தபோது சாவியை எடுத்துக்கொண்டு நினைத்த இடத்துக்குப் போவேன், யாரிடமும் கேட்க மாட்டேன். ரயில் தடதடத்துப் போகிறது, ஹார்ன் அடிக்க வேண்டும் போலிருந்தது, அடித்தேன், பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

கேட் திறந்தது. இவரே டெனிஸுக்குப் போன் போட்டார், நான் சொல்லவில்லை. "ஏலே, நாங்குநேரிக்காரரை வரவேண்டாம்னு சொல்லிரு... ஆமா, கேட்ல நின்னுச்சு, ஒண்ணும் ஆவல... சரி பண்ணுனது யாரா, ஒங்கம்மாதான், வேற யாரு" என்றபோது குரலில் இருந்தது பெருமைதான், எனக்குத் தெரியாதா. ஊரைத் தாண்டியதும் வயல், வாழை, தூரத்தில் மாஞ்சோலை மலை, வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது, முள் அசையவில்லை. போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, "இனி எங்கனயும் நிக்க வேண்டாம், என்ன" என்றார். ஏன் அப்படிச் சொன்னார்... சந்தோஷமாகத்தான் சொன்னார், ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. எங்கெல்லாம் நின்றிருக்கிறோம், எஞ்சின் ஆறும்வரை மரத்தடியில் உட்கார்ந்து, தன் அப்பாவின் மீன்பிடி வள்ளத்தை விற்ற நாள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை என்று இவர் சொன்னது அப்படி ஒரு மரத்தடியில், டெனிஸ் ஏர்போர்ட்டுக்குள் போன பிறகு பாத்ரூமில் நின்று அழுததாகச் சொன்னது இன்னொரு மரத்தடியில். வீட்டில் டிவி ஓடும், குழம்புக்கு உப்புப் போதுமா என்பதோடு சரி. அப்படியானால் இத்தனை வருஷத்தில் இவர் எனக்குச் சொன்னதெல்லாம்... நான் ஆக்ஸிலரேட்டரில் இருந்த காலைக் கொஞ்சம் தளர்த்தினேன். "நிறுத்தட்டுமாங்க, அங்கன நிழலா இருக்கு" என்றேன்.

"என்னத்துக்கு, வண்டி நல்லாத்தான போவுது" என்றார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.