அசனத்துக்கு வந்த ஆறு பேர்

காலை ஆராதனையில் எட்வின் அரை மணி நேரம் பிரசங்கம் செய்தார். ஏரோது ராஜாவுக்குப் பயந்து, பிள்ளை இயேசுவைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய குடும்பத்தைப் பற்றி. ஆண்டவரே போன ஊரில் அந்நியராக இருந்தவர். பிழைக்க வருகிறவனை விரட்டினால் அவரைத்தான் விரட்டுகிறோம் என்றார். மும்பை தாராவியின் தமிழ்ச் சபையில் பலர் தலையசைத்தார்கள். கடைசி பெஞ்சில் ஜார்க்கண்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த ஆறு பேர், ஒரு வார்த்தையும் புரியாமல் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மதியம் அசனம். வருஷத்துக்கு ஒரு முறை சபையார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறியோடு சாப்பிடும் நாள். வாசலில் டோக்கனை வாங்கிக்கொண்டு ஆட்களை உள்ளே விடுவது எட்வின் பொறுப்பு. போன வருஷம் கறி போதவில்லை. கிறிஸ்மஸ் வரை அவரையே குறை சொல்லிப் பேசினார்கள். இன்னொரு முறை அந்தப் பேச்சைக் கேட்க அவரால் ஆகாது.

ஆறு பேரும் கைகழுவிவிட்டு வந்து நின்றார்கள். பினய் என்பவன் இந்தியில், எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டான்.

"டோக்கன் ஹை?"

இல்லை. டோக்கன் பற்றிய அறிவிப்பு தமிழில் மட்டும்தான் வந்திருந்தது.

"தோடா ருக்கோ" என்றார் எட்வின். எதற்கு நிற்கச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

சாம்பார் வாளியோடு போன அவர் மனைவி ஜான்சி திரும்பி வந்தாள்.

"இந்தப் பிள்ளையள ஏன் நிப்பாட்டி வச்சிருக்கிய?"

"டோக்கன் இல்லட்டி. கறி பத்தலன்னா யாரு பேச்சு வாங்குறது?"

"எகிப்துல அவியளுக்குச் சோறு போட்டது யாருங்க?"

"அது வேதத்துல இல்லயே."

"துரத்துன ஏரோது பேரு மட்டும் இருக்கு, என்ன? உங்களுக்கும் அப்படிப் பேரு வேணும்னா நிக்க வைங்க."

எட்வின் நகர்ந்து வழிவிட்டார். ஆறு பேருக்கும் கட்டட வேலைப் பசி. ஜான்சி இரண்டாம் முறையும் கறி ஊற்றினாள்.

கடைசிப் பந்தியில் கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்தபோது கறி தீர்ந்திருந்தது. சபைச் செயலாளர் பாக்கியராஜ் தன் இலையைப் பார்த்தார். சோறு, சாம்பார்.

"ஏல எட்வின், டோக்கன் இல்லாம எத்தன பேர விட்ட?"

"ஆறு பேரு அண்ணாச்சி."

பாக்கியராஜ் சோற்றைப் பிசைந்தார்.

"காலைல நீ எகிப்துக்குக் கெளம்பும்போதே நெனைச்சேன், இது எனக்குச் சாம்பாருலதான் போய் நிக்கும்னு."

பிறகு ஜான்சியிடம் சாம்பார் வாளியைக் காட்டினார்.

"இன்னும் ஊத்தும்மா. அடுத்த வருஷம் இவன் பிரசங்கத்தக் குறைச்சிட்டு, கறியக் கூட்டச் சொல்லு."