பதினாலு நிமிடம் நீளமான வண்டி

கண்ணாடிக்காரனின் பழைய பிக்கப் வண்டிக்குப் புது எஞ்சின் மாட்டிய மறுநாள், அதன் முன்பாதி காலை பத்தேகாலுக்கும் பின்பாதி பத்து இருபத்தொன்பதுக்கும் கடைத்தெருவைக் கடந்தன. முன்பாதியில் அவன் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். பின்பாதியில் ஆறு ஜன்னல் கண்ணாடிகள் சாக்கு சுற்றி நின்றிருந்தன. நடுவில் பதினாலு நிமிடம் இருந்தது.

பின்பாதி தன் இரண்டு சக்கரங்களிலும் சாயாமல் சரியாமல் ஓடியது. முன்பாதி திரும்பிய இடத்தில் விளக்கு போட்டுத் திரும்பியது. முன்பாதி சிவப்பு விளக்குக்காக நின்ற இடத்தில், இப்போது பச்சை எரிந்தாலும் மரியாதையாக நின்றது. பின்னால் வந்தவர்கள் ஹாரனை அமுக்கி அமுக்கிக் கை சலித்துப்போனார்கள். வண்டிகளைத் துரத்துவதே தொழிலாக வைத்திருந்த தெருமுனை நாய்க்கு அன்றிலிருந்து வேலை இரட்டிப்பாயிற்று. டிராஃபிக் கான்ஸ்டபிள் முன்பாதியை ஓரம் கட்டச் சொன்னார்.

“பின்னால விளக்கு எங்கய்யா?”

“வருது சார்.”

“எப்ப?”

“பதினாலு நிமிஷத்துல.”

கான்ஸ்டபிள் காத்திருந்தார். சொன்னபடியே பின்பாதி வந்து முன்பாதியோடு சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ள, அவர் முன்னால் குறையொன்றும் இல்லாத ஒரு முழு வண்டி நின்றது. போகச் சொன்னார். முன்பாதி போனது. பின்பாதி மேலும் பதினாலு நிமிடம் அவருடனேயே நின்றது. தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது இதுதான் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு நோட்டை மூடிவைத்தவர், அதன்பிறகு அந்த வண்டிக்காக அதைத் திறக்கவே இல்லை.

தவறு நடந்தது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில். அதை நடத்தியவள் முப்பத்தைந்து வயது மெக்கானிக். கூடவே அவள் தங்கையும் வேலை பார்த்தாள். கண்ணாடிக்காரனின் வண்டிக்கு இருபத்தேழு வயது. அதன் எஞ்சின் புகை கக்கிக் கக்கி ஒருநாள் கக்கவும் தெம்பில்லாமல் நின்றுவிட்டது. மரம் விழுந்து பின்புறம் நசுங்கிய வேறொரு பிக்கப்பிலிருந்து, நாலே வயதான எஞ்சின் ஒன்றை மெக்கானிக் தேடிப் பிடித்தாள். நெடுஞ்சாலையில் பறந்து பழகிய எஞ்சின் அது, நிற்கும்போதுகூடக் கால் ஆட்டும். பழையதைச் சங்கிலி போட்டுத் தூக்கிக் கழற்றி, புதியதை இறக்கி, அது உட்கார இரும்புப் பட்டைகளை வெல்டிங் வைத்தாள். வண்டியில் இல்லாத சமாசாரங்களையெல்லாம் கேட்டு அழுத அதன் கம்ப்யூட்டர் பெட்டிக்கு நாலு ஒயர்களில் நாலு பொய்யைச் சொல்லித் தூங்கவைத்தாள். எஞ்சின் தன் கியர்பாக்ஸோடு வந்ததால் நீளம் கூடிவிட்டது. அங்கிருந்து பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டை அதற்கேற்ப வெட்டிச் சுருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. அக்கா வண்டிக்கு அடியில் படுத்து எத்தனை சென்டிமீட்டர் வெட்டியெடுக்க வேண்டும் என்று சொல்வாள். தங்கை அதைச் சாக்பீஸால் தகரச் சுவரில் எழுதுவாள். சுவரில் இருப்பதைப் பார்த்துத்தான் வெட்டுவார்கள். அன்றைக்குத் தங்கை போல்ட் வாங்கப் போயிருந்தாள். சாக்பீஸ் கண்ணாடிக்காரன் கையில் இருந்தது. வண்டிக்கு அடியிலிருந்து கிரீஸ் அப்பிய முகத்தை மட்டும் நீட்டி, “எட்டு” என்றாள் மெக்கானிக். அவன் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சுவரில் பத்து என்று எழுதினான். அப்படித்தான் ஷாஃப்ட் இரண்டு சென்டிமீட்டர் குட்டையாயிற்று. ஓடாமல் கிடக்க அந்த இளம் எஞ்சினுக்குப் பொறுமை இல்லை. நீளத்தில் குறைந்ததை நேரத்தில் இட்டு நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டது. சென்டிமீட்டருக்கு ஏழு நிமிடம் என்று பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர் வகுத்துச் சொன்னார்.

கண்ணாடிக்காரனுக்கு இதில் புகார் இல்லை. வாடிக்கையாளர் வீட்டில் அவன் ஜன்னலை அளந்து, பழைய கண்ணாடியைப் பெயர்த்து, சட்டத்தைத் துடைத்து முடிக்கவும் புதுக் கண்ணாடி வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அவன் கவலை வேறு. முப்பத்தெட்டு வயதில் அவன் எந்த வாக்கியத்தையும் முடித்ததில்லை. மெக்கானிக்கிடம் சொல்ல அவனிடம் ஒரு விஷயம் ஆறு வருடமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்து, “அப்புறம் வந்து…” என்று தொடங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். இப்போது அவளுக்குத் தூரத்து நகரம் ஒன்றில் பெரிய பணிமனையின் தலைமைப் பொறுப்பு கிடைத்திருந்தது. ஒன்றாம் தேதி கிளம்புகிறாள். கொட்டகை தங்கைக்கு.

போவதற்கு முன் தன் கை பட்ட வண்டி இரண்டாக ஓடுவதை விட்டுவைக்க மெக்கானிக்குக்கு மனமில்லை. புது ஷாஃப்ட் வெட்டுவதற்கு முன்னால் கோளாறைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றாள். பின்னால் உட்கார்ந்தால்தான் அது தெரியும். இருபத்தெட்டாம் தேதி காலை கைக்கடிகாரத்தோடு தங்கை ஸ்கூட்டரில் முன்கூட்டியே போய், ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் இருந்த பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டாள். மெக்கானிக் அளவு டேப்போடு பின்பாதியில் ஏறி ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்தாள். கண்ணாடிக்காரன் முன்பாதியைக் கிளப்பினான்.

பாலம் ஏறும்போது திரும்பிப் பார்த்தான். பின்கண்ணாடி வழியே வெறும் சாலை தெரிந்தது. அவள் இன்னும் கொட்டகை வாசலிலேதான் உட்கார்ந்திருப்பாள். ஜன்னல்களை ஏற்றிக்கொண்டான். ஆறு வருடமாகத் தொண்டையில் நின்றதையெல்லாம், பாலம் முழுக்க வண்டியை மெதுவாக உருட்டியபடி, உரத்த குரலில், ஒரு வாக்கியம் பாக்கியில்லாமல் சொல்லி முடித்தான். பங்கில் இறங்கியபோது அவன் முகம் துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

“என்ன, பாட்டா?” என்றாள் தங்கை, கடிகாரத்தைப் பார்த்தபடி. “இன்னிக்கும் பாடிக்கிட்டேதான் வந்தீங்களா?”

“நான் பாடுறது உனக்கெப்படித் தெரியும்?”

“போன வாரம் பின்னால உக்காந்து வந்தேன்ல? நீங்க முன்னால வாயத் திறக்கறதெல்லாம் அதே இடம் வரும்போது பின்னால கேக்குது. அந்த ரெண்டாவது சரணத்துல சுருதி… என்னங்க? ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?”

வண்டியைத் திருப்பலாமா என்று ஒரு கணம் நினைத்தான். திருப்பினாலும் பாதிதான் திரும்பும். எனவே ஓடினான். இதுவரை பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடாத மனிதன், செருப்பை ஒரு திருப்பத்திலும் தொப்பியை இன்னொரு திருப்பத்திலும் விட்டுவிட்டு, ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடினான். அவன் போய்ச் சேரவும் பின்பாதி பாலத்தில் ஏறவும் ஒன்றாக நடந்தது. யாருமில்லாத காற்றிலிருந்து அவனுடைய குரலே கணீரென்று வந்துகொண்டிருந்தது.

“…நீங்க போயிட்டா என் வண்டிய யாரு பாப்பாங்கன்னு நான் கேக்கல. வண்டி கெடக்கட்டும். எனக்கு யாரு இருக்கா…”

“அய்யோ, அத நம்பாதீங்க!” என்று பக்கத்தில் ஓடிக்கொண்டே கத்தினான் கண்ணாடிக்காரன். “அது நான் இல்ல! அதாவது நான்தான், ஆனா…”

“சும்மா வாங்க, இன்னும் முடியல,” என்று அவனை அதட்டிவிட்டு மெக்கானிக் மறுபடி குரலின் பக்கம் காதைச் சாய்த்தாள்.

“…மாசாமாசம் வண்டி தானா கெட்டுப்போகல. சைலன்சர் நட்ட நானேதான் லூஸ் பண்ணிட்டு வருவேன். உங்களப் பாக்க வேற வழி தெரியல. என்னக் கட்டிக்கிறீங்களா? இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க. நான் அடுத்த மாசமும் அந்த நட்டயே லூஸ் பண்ணிட்டு வருவேன்.”

பாலம் முடிந்தது. குரலும் முடிந்தது. ஓடுகிறவனின் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது.

“நட்டு விஷயம் தெரியும்,” என்றாள் மெக்கானிக். “ஆறு வருஷமா அதே நட்டு. வண்டியில வேற நட்டே இல்லையா உங்களுக்கு? ஒரு தடவ மாத்திக் கழட்டியிருந்தா, சரி, மனுஷன் கொஞ்சம் முன்னேறியிருக்காருன்னு நானே கேட்டிருப்பேன்.”

“அப்ப… பதில்?”

“ஓடிக்கிட்டே கேட்டா எப்படி? ஏறுங்க.”

கையை நீட்டி அவனை மேலே இழுத்துக்கொண்டாள். மீதித் தூரத்தை இருவரும் ஒரே டயர் மேல், காற்றைத் தவிர யாரும் ஓட்டாத வண்டியில், ஒன்றுக்குமில்லாமல் சிரித்துச் சிரித்து வந்தார்கள். அன்று கண்ணாடிக்காரன் அந்தப் பங்குக்கு இரண்டு தடவை வந்து சேர்ந்தான். பதினொன்று ஐந்துக்குத் தனியாகவும், பதினொன்று பத்தொன்பதுக்கு ஜோடியாகவும். தங்கை இரண்டு நேரத்தையும் குறித்துக்கொண்டு, பேனாவை மூடி, “வாங்க மாமா,” என்றாள்.

நகரத்துப் பணிமனைக்குப் போனது மெக்கானிக்கின் மன்னிப்புக் கடிதம் மட்டும்தான். புது ஷாஃப்ட் வெட்டப்படவில்லை. நேருக்கு நேர் கேட்டால் இவர் வாயிலிருந்து ஒன்றும் வராது, வண்டி இப்படியே இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் முன்பாதியில் போக, சொந்தக்காரர்கள் பின்பாதியில் வந்ததால், வாழ்த்துவதற்குப் பதினாலு நிமிடம் யாருமில்லை. அந்தப் பதினாலு நிமிடத்தைப் பற்றி இருவரும் யாரிடமும் பேசுவதில்லை. தகுதிச் சான்றிதழுக்கு வந்த வண்டி அதிகாரி டேப்பையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘நீளம்’ என்ற கட்டத்தில் நாலே முக்கால் மீட்டர், பதினாலு நிமிடம் என்று எழுதி முத்திரை குத்தினார்.

பின்னாட்களில் புருஷன் பெண்டாட்டிக்குள் மனத்தாங்கல் வந்தால் அவள் பின்பாதியில் ஏறிக்கொள்வாள். அவன் ஜன்னல்களை ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடப்பான். பங்கை ஒட்டிய கடையில் டீ போடுகிறவர் அவன் தனியாக இறங்குவதைப் பார்த்தால் விவரம் கேட்பதில்லை. அவனுக்கு ஒரு டீயைக் கொடுத்துவிட்டு, இரண்டாவது டீக்கான பாலைப் பன்னிரண்டு நிமிடம் கழித்து அடுப்பில் வைப்பார்.